ரேஸ் காரை டிராக்குக்கு எப்படிக் கொண்டு போவது? இழுக்கிற வண்டியைத் தேர்வு செய்யும் முன் தெரிய வேண்டியவை

தமிழ்நாட்டில் கார் பந்தயம் என்பது பேப்பரில் ஓரமாக வரும் விளையாட்டுச் செய்தி என்ற நிலை மாறிவிட்டது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. சாலையில் இரவு நேரப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதன் பிறகு, 'நாமும் ஒரு பழைய ஸ்விஃப்டை எடுத்து ரெடி பண்ணலாமே' என்று நினைக்கும் இளைஞர்கள் சிறு நகரங்களிலும் இருக்கிறார்கள்.

காரை ரெடி பண்ணுவது எப்படி என்று சொல்ல யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஆனால், ரெடியான காரைப் பட்டறையிலிருந்து பந்தயத் தளத்துக்கு எப்படிக் கொண்டு போவது? பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியைக் கடைசி வாரத்தில்தான் யோசிக்கிறார்கள். பணம், போலீஸ், இன்சூரன்ஸ், உயிர் என எல்லாமே சிக்குவதும் அங்கேதான்.

விருத்தாசலத்தில் இருந்து எவ்வளவு தூரம்?

ஓர் உதாரணத்துக்கு, பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு பட்டறையில் பந்தயத்துக்காக ஒரு ஸ்விஃப்ட் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டில் நிரந்தரப் பந்தயத் தளம் என்றால் முக்கியமாக இரண்டு பெயர்கள் வரும். ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கி.மீ. தளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது. இப்போது 'மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்' என்று அழைக்கப்படுகிறது. இன்னொன்று, கோவை செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கி.மீ. கரி மோட்டார் ஸ்பீட்வே. இந்தியக் கார் பந்தயத்தின் முன்னோடிகளில் ஒருவரான எஸ்.கரிவரதனின் நினைவாகப் பெயர் வைக்கப்பட்டது.

விருத்தாசலத்தில் இருந்து உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக இருங்காட்டுக்கோட்டை போக 200 கி.மீ.க்குச் சற்று கூடுதலாகும். சின்னசேலம், ஆத்தூர், சேலம் வழியாகக் கோவை போனால் ஏறக்குறைய 300 கி.மீ. போக வர இரண்டு மடங்கு. இதில் பெரும்பகுதி பஸ்ஸும் லாரியும் 80, 90 கி.மீ. வேகத்தில் பறக்கிற நெடுஞ்சாலை.

ரேஸ் காரை நேரா ஓட்டிக்கொண்டே போகக் கூடாதா?

கூடாது. பந்தயத்துக்குத் தயார் செய்யும்போது சீட்டுகள் கழற்றப்படும். உள்ளே இரும்புக் கூண்டு வெல்டிங் செய்யப்படும். சைலன்ஸர் மாறும். சில நேரம் லைட்டும் கண்ணாடியும்கூடப் போய்விடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பு நிறுவனம் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பந்தயத்தில் கிளட்ச் போகலாம், ரேடியேட்டர் உடையலாம், வண்டி சுவரில் மோதலாம். ஓட்டிக்கொண்டு போன கார் ஞாயிறு மாலை ஓட்டிக்கொண்டே திரும்பி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கயிறு கட்டி இழுத்துப் போனால்?

வழியில் பழுதான வண்டியை அருகில் உள்ள பட்டறைக்கு இழுத்துச் செல்ல மட்டுமே விதிகள் இடம் தருகின்றன. அதுவும் மிகக் குறைந்த வேகத்தில், இரண்டு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல். நன்றாக ஓடும் ரேஸ் காரை 200 கி.மீ. கயிற்றில் இழுத்துச் செல்வதற்கு அது பொருந்தாது.

காரின் பம்பருக்குக் கீழே இருக்கும் கொக்கியைப் பார்த்து 'டோ பண்ண வசதி இருக்கே' என்று நினைக்க வேண்டாம். அது சேற்றில் சிக்கிய வண்டியை வெளியே இழுப்பதற்கான கொக்கி. டிரெய்லரை மாட்டும் குமிழ் வேறு, அது சேஸிஸுடன் இணையும் விதமும் வேறு.

பெரிய எஸ்.யூ.வி., பின்னால் ஒரு டிரெய்லர். இதில் என்ன பிரச்சினை?

அமெரிக்கா, ஐரோப்பாவில் அமெச்சூர் பந்தய வீரர்கள் இப்படித்தான் போகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே எழும் முதல் கேள்வி, 'எந்த எஸ்.யூ.வி.க்குப் பவர் அதிகம்?' என்பதுதான். ஆனால் பவர் இதில் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். இன்றைய டீசல் எஸ்.யூ.வி. எதுவும் ஒன்றரை டன்னை இழுத்துவிடும். இழுத்ததை நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாம்.

- ஸ்விஃப்ட் ரேஸ் கார்: சுமார் 900 கிலோ
- இரும்பு டிரெய்லர்: 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம்
- கூடுதல் டயர், ஜாக்கி, கருவிகள்: 100 கிலோ
- பின்னால் வரும் மொத்த எடை: 1,500 கிலோ
- இழுக்கும் வண்டி, இன்னோவா கிரிஸ்டா ரகம்: சுமார் 1,800 கிலோ

80 கி.மீ. வேகத்தில் போகும் 1,800 கிலோ வண்டி மட்டும் பிரேக் அடித்தால், காய்ந்த சாலையில் சுமார் 35 மீட்டரில் நின்றுவிடும் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் பிரேக் இல்லாத 1,500 கிலோ டிரெய்லர் இருந்தால், அதே பிரேக்கும் அதே டயர் பிடிப்பும் இப்போது 3,300 கிலோவை நிறுத்தியாக வேண்டும். நிற்கும் தூரம் ஏறக்குறைய 65 மீட்டர் ஆகிவிடும். ஓட்டுநர் சுதாரித்துக் காலை வைக்கும் நேரம் இந்தக் கணக்கில் இல்லை.

இடையில் இருக்கும் அந்த 30 மீட்டரில்தான் டோல்கேட் வரிசையின் கடைசி வண்டி நிற்கும். அல்லது, தடுப்பு இடைவெளியில் யாராவது பைக்கைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

இதனால்தான் பிரிட்டனில் 750 கிலோவுக்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அனுபவம் குறைந்தவர்கள், இழுக்கும் வண்டியின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் பின்னால் இழுக்க வேண்டாம் என்று அங்கே கேரவன் அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. நம் கணக்கில் 1,800-க்கு 1,500 என்பது 83 சதவீதம். டிரெய்லரில் பிரேக் இருந்தாலும்கூட எல்லைக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறோம். கிரெட்டா போன்ற இன்னும் எடை குறைந்த வண்டி என்றால் அந்தக் கோட்டையே தாண்டிவிடுவோம்.

டிரெய்லர் ஏன் வாலாட்டுகிறது?

டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு, இணைப்புக் குமிழின் மேல் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அமெரிக்காவில் மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது பொதுவான அளவு. 1,500 கிலோவுக்கு 10 சதவீதம் என்றாலே 150 கிலோ. அதாவது, காரின் பின் கதவுக்கு வெளியே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது போல. இந்த எடையை வண்டியின் சுமை அளவில் கழித்துக்கொள்ள வேண்டும். கூடவே நான்கு நண்பர்களும் பெட்டியும் ஏறினால் அளவு தாண்டிவிடும்.

இந்த அழுத்தம் குறைவாக இருந்தால் வேறு ஆபத்து. காரை டிரெய்லரில் பின்னால் தள்ளி ஏற்றிவிட்டால் எடை அச்சுக்குப் பின்னே போய்விடும். 60 கி.மீ. வரை ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் ஒரு ஆம்னி பஸ் பக்கத்தில் கடந்து போகும்போது வீசும் காற்றில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பயத்தில் பிரேக்கை அழுத்தினால் ஆட்டம் கூடும். இழுக்கும் வண்டியையே அது குறுக்கே திருப்பிவிடலாம்.

இன்னொன்று, நம்மூரில் பெரும்பாலான கார்கள் விற்பனைக்கு வரும்போது எவ்வளவு எடையை இழுக்கலாம் என்ற விவரம் தரப்படுவதில்லை. வெளிநாட்டில் அதே மாடலுக்குக் கொடுத்த அளவை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. எஞ்சின், கியர், பிரேக், குளிர்விக்கும் அமைப்பு எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். வண்டியோடு வந்த கையேட்டில் 'டிரெய்லர் இழுக்க வேண்டாம்' என்று போட்டிருந்தால், பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

டிரெய்லரை வெறும் சக்கரம் வைத்த பலகை என்று நினைப்பவர்கள் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு 'மோட்டார் வாகனம்' என்பதற்குள் டிரெய்லரையும் சேர்க்கிறது. அதனால் அதற்கும் பதிவு வேண்டும், எண் பலகை வேண்டும்.

உள்ளூர் பட்டறையில் ஆங்கிள் வாங்கி வெல்டிங் செய்துகொண்டால் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால், வகை ஒப்புதல் சான்று இல்லாத டிரெய்லருக்கு ஆர்.சி. வாங்குவது பெரும்பாடு. ஊர்ப்புறத்தில் நாம் பார்க்கும் பதிவான டிரெய்லர்கள் பெரும்பாலும் டிராக்டருக்கானவை. நெல்லும் கரும்பும் ஏற்ற அவை சரி. நெடுஞ்சாலையில் 200 கி.மீ. காரின் பின்னால் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தனிப்பட்ட கார்களுக்கான வழக்கமான பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, சொந்தப் பயணப் பொருட்கள் தவிர்த்த சரக்கு ஏற்றுவது, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகப் பரிசோதனை போன்றவை அதில் விலக்கப்பட்டிருக்கும்.

இதன் பொருள் இரண்டு. பந்தயத் தளத்தில் ரேஸ் காருக்கு ஆகும் சேதத்துக்குச் சாதாரண பாலிசி பணம் தராது. போகும் வழியில் டிரெய்லரால் விபத்து என்றால், 'டிரெய்லர் பாலிசியில் சேர்க்கப்பட்டதா? ஏற்றியது சரக்கா?' என்று நிறுவனம் கேள்வி எழுப்ப வாய்ப்பு உண்டு. டிரெய்லரைத் தனியாகக் கட்டணம் செலுத்திப் பாலிசியில் சேர்க்க வேண்டும். முகவர் வாய்மொழியாக 'அதெல்லாம் கவர் ஆகும் சார்' என்று சொல்வது போதாது. எழுத்தில் வாங்கிக்கொள்வதே நல்லது.

அப்போ என்னதான் வழி?

இழுப்பதை விட்டுவிட்டு, மேலே ஏற்றிச் செல்வது. இங்குள்ள சாலை, சட்டம், கிடைக்கும் வண்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தொடக்கநிலை வீரருக்கு இதுதான் பொருத்தமான பதில். காரும் அதைச் சுமக்கும் வண்டியும் ஒரே சேஸிஸ் மேல் இருக்கும். பிரேக் அந்த மொத்த எடைக்காகவே வடிவமைக்கப்பட்டது. வாலாட்டம் கிடையாது. ரிவர்ஸ் எடுப்பதிலும் குழப்பம் இல்லை.

எந்த வண்டி என்பதை எடையைவிட நீளம்தான் முதலில் முடிவு செய்கிறது.

- கோ-கார்ட்: டாடா ஏஸ் போன்ற சின்ன யானை போதும். அதன் தளம் ஏறக்குறைய 2.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம்.
- கல்லூரி மாணவர்கள் செய்யும் ஃபார்முலா ஸ்டூடண்ட் கார்: எடை பெரும்பாலும் 200 முதல் 300 கிலோதான். ஆனால் நீளம் 3 மீட்டரை ஒட்டி வரும். கோவையில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போகும் அணிகள் பொலிரோ பிக்கப் ரக வண்டியில் 9 அல்லது 10 அடி பாடி பார்த்து, காரை ஒருமுறை அளந்துவிட்டுப் பேசுவது நல்லது.
- மாருதி 800: எடை சுமார் 650 கிலோ, நீளம் 3.34 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 11 அடி. 10 அடி பிக்கப்பில் எடை தாங்கும், நீளம் பத்தாது.
- ஸ்விஃப்ட் ரகம்: புதிய மாடலின் நீளம் 3.86 மீட்டர், சுமார் 12 அடி 8 அங்குலம். இதற்கு 14 அடி பாடி உள்ள சிறு லாரி அல்லது தளம் சாயும் ரெக்கவரி வண்டி வேண்டும்.

'பின் கதவைத் திறந்து போட்டு, ரெண்டு அடி வெளியே நீட்டிக்கிட்டுப் போயிடலாம்' என்ற யோசனை எல்லாப் பட்டறையிலும் வரும். அது வேண்டாம். 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 194(1ஏ) பிரிவு, சுமை வண்டியின் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீண்டால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. அதிக எடை ஏற்றினாலும் 20,000 ரூபாய்தான். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

சாதாரண கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு லாரி ஓட்டலாமா?

ஒரு வரம்புக்குள் ஓட்டலாம். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள போக்குவரத்து வாகனத்தையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்பது அதன் சாரம். 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூன்று நீதிபதிகள் சொன்னதை இந்த அமர்வு உறுதிசெய்தது. ஆபத்தான சரக்குகளை ஏற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

இங்கே 'மொத்த எடை' என்பது, வண்டியும் அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட முழுச் சுமையும் சேர்ந்தது. ஆர்.சி.யில் எழுதியிருக்கும். 14 அடி பாடி உள்ள எல்லா லாரியும் 7,500-க்குள் வரும் என்று சொல்ல முடியாது. அதனால், ஆர்.சி.யைப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்க வேண்டும்.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக முதல் முறையே 200 கி.மீ. ஓட்ட வேண்டும் என்றும் இல்லை. லாரியின் நீளம், பின்பக்கம் தெரியாத இடம், திரும்பும் வட்டம் எல்லாம் கார் ஓட்டிய கைக்குப் புதிது. அனுபவமுள்ள ஓட்டுநர் கூட வருவது பாதுகாப்பு. பந்தயம் முடிந்த ஞாயிறு இரவு, இரண்டு நாள் தூக்கம் கெட்ட வீரரே லாரியையும் ஓட்டி ஊர் திரும்புவது எல்லாவற்றிலும் மோசமான திட்டம்.

சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

சரக்கு வண்டியைச் சொந்தக் காரை ஏற்ற மட்டும் வைத்திருந்தாலும் அது சட்டத்தின் பார்வையில் போக்குவரத்து வாகனம்தான். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. ஸ்விஃப்ட் ஏறும் லாரி அந்த வரம்பைத் தாண்டிவிடும். தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., வண்டிக்கு 8 வயதாகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். இன்சூரன்ஸ், வரி, டயர், நிறுத்த இடம் எல்லாம் தனி.

ஒருவர் ஆண்டுக்கு நான்கைந்து வார இறுதிகள் மட்டும் பந்தயத்துக்குப் போகிறார் என்றால், மற்ற நாட்களில் அந்த வண்டி சும்மா நிற்கும். அப்படிப்பட்டவருக்கு வாடகைதான் லாபம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே அணியாகப் போகிறார்கள், அல்லது அந்த வண்டிக்கு வாரநாட்களில் வேறு சரக்கு வேலை இருக்கிறது என்றால் மட்டுமே சொந்த வண்டிக் கணக்கு நேராகும்.

வாடகை பேசும்போது கேட்க வேண்டியவை:

- கி.மீ. கணக்கு ஒருவழிக்கா, போக வரவா?
- தளத்தில் இரண்டு நாள் காத்திருக்கும் ஹால்ட் கட்டணம் எவ்வளவு?
- ஓட்டுநர் பேட்டா, டோல் யார் தருவது?
- ஏற்றும்போதோ வழியிலோ காருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?
- எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் தேதி உயிரோடு இருக்கிறதா?

வண்டி உங்களை இறக்கிவிட்டு ஊர் திரும்பி, ஞாயிறு மறுபடி வந்தால் ஹால்ட் மிச்சமாகும், டீசல் கூடும். விருத்தாசலம் தூரத்துக்கு இரண்டையும் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. பழக்கமான தெரிந்தவர் வெள்ளை போர்டு வண்டியில் பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிவருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பெர்மிட் மீறல் என்று வண்டி வழியிலேயே நின்றால், பந்தயமும் அன்றோடு முடிந்தது.

ஏற்றுவதும் கட்டுவதும்: பீங்கான் ஊருக்குத் தெரிந்த வித்தை

விருத்தாசலத்தில் தயாராகும் ஃபியூஸ் கேரியரும் அகல் விளக்கும் பொம்மையும் லாரியில்தான் வெளியூர் போகின்றன. சரக்கு அசையக் கூடாது, ஒன்றோடு ஒன்று மோதக் கூடாது, எடை ஒரு பக்கம் சாயக் கூடாது என்பது அங்கே லோடு ஏற்றும் தொழிலாளிக்குப் பாடம் எடுக்காமலே தெரியும். ரேஸ் காருக்கும் விதி அதுதான்.

முதல் சிக்கல், ஏற்றுவது. ரேஸ் கார் தரையை ஒட்டி இருக்கும். லாரித் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்றால், 15 டிகிரி சரிவுக்கே பலகை கிட்டத்தட்ட 4 மீட்டர் நீளம் வேண்டும். 10 டிகிரி என்றால் 6 மீட்டரை நெருங்கும். சின்னப் பலகை போட்டுத் தள்ளினால் முன் பம்பர் முதலில் இடிக்கும், பிறகு நடு வயிறு உட்காரும். இதற்கு இரண்டு வழிகள். தளம் சாய்ந்து இறங்கும் ரெக்கவரி வண்டி எடுக்கலாம். அல்லது, லாரித் தளத்தின் உயரத்துக்குக் கட்டிய குடோன் மேடையில் இருந்து நேராக உருட்டி ஏற்றலாம். தொழிற்பேட்டை உள்ள ஊர்களில் இரண்டாவது வழிக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால், பந்தயத் தளத்தில் இறக்கும் வசதி இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கட்டுவது. தேங்காய் நார்க் கயிறும் நைலான் கயிறும் இதற்கு ஆகாது. ராட்செட் பட்டை நான்கு வேண்டும், சக்கரத்துக்கு ஒன்று. காரின் பாடியில் கட்டினால் சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஆடி, பட்டை தளர்ந்துவிடும். சக்கரத்தைச் சுற்றிக் கட்டினால் சக்கரம் தளத்தோடு ஒட்டி நிற்கும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. கியரில் போட்டு, தளர்வாக இருக்கும் டயர், ஜாக்கி, பெட்டி எல்லாவற்றையும் தனியாகக் கட்ட வேண்டும். கிளம்பி 20, 30 கி.மீ. போனதும், அதாவது உளுந்தூர்பேட்டை தாண்டும் முன்பே, இறங்கி ஒருமுறை பட்டைகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். முதல் அரை மணி நேரத்தில்தான் அவை தளரும்.

மூன்றாவது, காகிதம். எண் பலகையும் சீட்டும் இல்லாத காரை லாரியில் ஏற்றிக்கொண்டு இரவில் போனால் போலீஸ் நிறுத்திக் கேட்கத்தான் செய்யும். காரின் ஆர்.சி. அல்லது வாங்கிய ரசீது, பந்தயப் பதிவு ரசீது, இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பு வழங்கிய போட்டி உரிமம் ஆகியவற்றின் நகல் கையில் இருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும்.

அப்படியானால் டிரெய்லர் யாருக்கும் வேண்டாமா?

அப்படியில்லை. பதிவான டிரெய்லர், அதில் தனி பிரேக், இழுக்கும் வண்டியின் கையேட்டில் தெளிவான அனுமதி, பாலிசியில் எழுத்துப்பூர்வச் சேர்ப்பு, பழகிய ஓட்டுநர். இந்த ஐந்தும் இருந்தால் டிரெய்லர் நல்ல ஏற்பாடுதான். தாழ்வாக இருப்பதால் ஏற்றி இறக்குவது சுலபம். தளத்தில் அதை விட்டுவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குப் போகலாம்.

பிரிட்டனில் 2021 டிசம்பர் 16 முதல், சாதாரணக் கார் லைசென்ஸ் உள்ளவர்களே தனித் தேர்வு இல்லாமல் 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம். அங்கே அது முடிகிறது என்றால் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு காருக்கும் இழுவை அளவு அறிவிக்கப்படுகிறது. பிரேக் உள்ள டிரெய்லர் கடையிலேயே கிடைக்கிறது. இங்கே அந்த ஐந்தில் ஒன்றோ இரண்டோதான் பெரும்பாலானவர்களிடம் இருக்கும். பிரேக் உள்ள டிரெய்லரும், வெளியிடப்பட்ட இழுவை அளவும் நம் சந்தைக்குப் பரவலாக வரும்போது இந்தப் பதிலும் மாறும்.

சுருக்கமாக

- ரேஸ் காரைச் சாலையில் ஓட்டாதீர்கள், கயிற்றில் இழுக்காதீர்கள்.
- பவரை விட்டுவிட்டு முதலில் பிரேக், நீளம், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை ஆகியவற்றைப் பாருங்கள்.
- ஹேட்ச்பேக் ரேஸ் காருக்கு 14 அடி லாரி அல்லது ரெக்கவரி வண்டி. ஆண்டுக்கு நான்கைந்து பயணம் என்றால் வாடகையே போதும்.
- டிரெய்லர்தான் வேண்டும் என்றால், ஆர்.சி.யும் தனி பிரேக்கும் இல்லாமல் நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.
- பட்ஜெட் போடும்போது எஞ்சின், டயர், நுழைவுக் கட்டணத்துக்கு அடுத்த வரியாகவே போக்குவரத்துச் செலவை எழுதுங்கள்.

பந்தயத் தளத்தில் தடுப்புச் சுவர் இருக்கிறது, தீயணைப்பு வண்டி இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது, கொடி காட்ட ஆள் இருக்கிறது. விழுப்புரம் சாலையில் இவை எதுவும் கிடையாது. எதிரே குடும்பத்தோடு வரும் பைக்தான் உண்டு. வேகம் காட்டுவதற்கு இருங்காட்டுக்கோட்டையில் இடம் இருக்கிறது. அதுவரை ரேஸ் காரும் பீங்கான் மாதிரி ஒரு சரக்கு மட்டுமே.